சிரிங்க என்று சொல்லாத எழிலரசி

எழிலரசியின் விசிட்டிங் கார்டு பானுமதியின் துவரம்பருப்பு டப்பாவுக்குள் இரண்டு வருடம் கிடந்தது. அரூரில் ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில் வாங்கியது. அன்று பானுமதி, கூட்டம் போகட்டும் என்று மண்டபத்துத் தூண் ஓரமாக நின்று போட்டோகிராபரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடிதார், கான்வாஸ் ஷூ, கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு பை. கூட ஆள் யாரும் கிடையாது. மேடை ஏறி வந்த ஒருவரிடம்கூட அவள் 'சிரிங்க' என்று சொல்லவில்லை. அது பானுமதிக்கு அதிசயமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஏம்மா, போட்டோ எடுக்கற அண்ணன் இன்னும் வரலயா?" என்று கேட்டார்.

"அண்ணன் நாந்தாங்க" என்று சொல்லி எழிலரசி சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். அப்போதுதான் பானுமதி கவனித்தாள். அவள் பல்லிலும் பழுப்பு வரிகள் ஓடின.

பானுமதிக்கும் அதே பல்தான். ஏரியூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. தண்ணீரில் இருக்கிற புளோரைடு பல்லில் ஏறி, செங்காவி பூசினதுபோல நின்றுவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகு வளர்கிற பிள்ளைகள் வெள்ளையாகச் சிரிக்கிறார்கள். அதற்கு முந்தினவர்கள் உதட்டை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். பானுமதி அதற்கும் ஒரு படி மேலே போய், சிரிப்பு வந்தால் வலது கையை வாய்க்குக் கொண்டுபோகப் பழகியிருந்தாள். எட்டாம் வகுப்பில் குரூப் போட்டோ எடுத்த அன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டவள், அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு அப்பாவோடு பட்டுப்புழு வளர்க்க இறங்கிவிட்டாள்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்ததும் பானுமதி பருப்பு டப்பாவைத் திறந்தாள்.

"பென்னாகரத்துலயே நம்ம பசங்க இருக்கறாங்களே பானு. கடத்தூர்ல இருந்து எதுக்கு ஆளு?" என்றான் அவள் கணவன் மாதேஷ்.

"எனக்கு அந்த அக்காதாங்க வேணும்."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் இதுதான் வேண்டும் என்று கேட்டதே கிடையாது. மாதேஷ் கார்டை வாங்கி, உடனே போன் போட்டான்.

எழிலரசி விசேஷத்துக்கு முந்தின நாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் கேமரா இல்லை.

"மொதநாளு எடுத்தார மாட்டேங்க. ஆளப் பாத்துட்டுப் போவேன், அவ்ளோதான்" என்றாள்.

பானுமதியின் மாமியார் செல்லி, இது என்ன வழக்கம் என்பதுபோலப் பார்த்துவிட்டு, களியும் கீரைக் குழம்பும் போட்டு வைத்தாள். எழிலரசி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடத்தூரில் டெம்போ ஓட்டிய சவுரியப்பனின் மகள். பன்னிரண்டு முடித்ததும் தர்மபுரியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுகிற வேலை. ஆறு வருடம் திரைக்குப் பின்னாலேயே ஒட்டினாள். கேமராவைத் துடைக்கத்தான் கையில் கொடுப்பார்கள். முதலாளி மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களைத் தானே எடுத்து அனுப்பிவிடுவாள். கொஞ்ச நாளில் ஜனங்கள் மதியமாகப் பார்த்து வர ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது, அவளுக்குத் தன்னால் தனியாக நிற்க முடியும் என்பதும் தெரிந்திருந்தது. பழைய கேமரா ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முதல் நான்கு வருடம் பஸ்தான். விசேஷ வீட்டிலிருந்து திரும்பும்போது கடைசி பஸ் போய்விட்டால், பஸ் ஸ்டாண்டில் கேமராப் பையை மடியில் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாளாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்த கதைபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பானுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தாள். எல்லாப் படத்திலும் உதடு ஒட்டியிருந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. அந்தப் படத்தில் ஆல்பம் செய்த ஸ்டுடியோக்காரர்கள் பல்லைப் பால் வெள்ளையாக மாற்றியிருந்தார்கள்.

"இது யாரோட பல்லுன்னு எனக்கே தெரியலைங்கக்கா" என்றாள் பானுமதி.

எழிலரசி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

பானுமதி இன்னொரு படத்தை நீட்டினாள். இறந்துபோன அவள் அம்மாவின் படம். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. இறுக மூடின வாய், பயந்த கண்.

"அம்மா போறப்ப எனக்கு நாலு வயசு. இது ஒண்ணுதாங்க இருக்குது. அம்மா எப்படிச் சிரிக்கும்னு அப்பாவக் கேட்டா, நல்லாச் சிரிப்பான்னு மட்டும் சொல்லும். அதுக்கு மேல அதுக்குச் சொல்லத் தெரியாது." தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கு எனக்கும் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, எம் புள்ள என்னத்தப் பாக்கும்? வாயத் தொறந்து சிரிக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ. ஆனா கேமராவப் பாத்தா எனக்கு வாயி தானா மூடிக்குது. முடியுங்களா?"

"நான் சிரிக்கச் சொல்ல மாட்டேன் பானு. சொன்னா வராது" என்றாள் எழிலரசி. "இந்த வூட்ல உன்ன யாரு அதிகமாச் சிரிக்க வெக்கறது?"

அதற்குள் மாதேஷின் தங்கை காவேரி உள்ளே வந்து, "அண்ணி, எங்கண்ணன் பந்தக்காரன்கிட்டப் போய் காத்தடிச்சாப் பந்தல் பறக்குமான்னு கேக்குது. அவன், கயித்த அவுத்தாப் பறக்கும், அவுக்கட்டுமான்றான்" என்றாள். பானுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தானாக வாயை மூடியது.

எழிலரசி அந்தக் கையைப் பார்த்தாள். காவேரியையும் பார்த்தாள். கேட்ட கேள்விக்குப் பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பானுமதி அப்படியே நின்றுவிட்டாள். பந்தலுக்கு முன்னால் பத்தடி உயரத்தில் பிளெக்ஸ் பேனர். 'வளைகாப்பு விழா, வருக வருக' என்ற எழுத்துக்குக் கீழே அவளும் மாதேஷும். ஆல்பத்தில் இருந்த அதே படம். அந்த வெள்ளைப் பல், தூரத்து ரோட்டில் போகிற பஸ்ஸுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் பளபளத்தது.

மாதேஷ் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியாமத்தான் சொல்லி வெச்சேன். இருக்கறதுலயே நல்ல போட்டோ இதுதான பானு?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதேஷுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. அவன் ஆசையாகச் செய்தது அது. வருகிற சொந்தக்காரர்கள் முதலில் பேனரைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பானுமதிக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எழிலரசி வந்து இறங்கினாள். பேனரின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாள். "கழட்டிடட்டுங்களா?" என்று மாதேஷ் கேட்டதற்கு, "இருக்கட்டுங்க" என்றாள். பிறகு காவேரியின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வார்த்தை பேசினாள்.

நல்ல நேரம் போகிறது என்று செல்லி கதவைத் தட்ட, பானுமதி வெளியே வந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, கழுத்து நிறைய மாலை, கல்லுபோல மூடிய உதடு. ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். எதிரே ஆட்கள் நீட்டிய போன் எல்லாம் 'சிரி பானு, சிரி பானு' என்றது. அவள் சிரிக்கவில்லை. எழிலரசி மட்டும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பணம் வாங்கப்போகிறவள் இப்படியா சும்மா உட்காருவாள் என்று யாரோ முணுமுணுத்ததும் அவள் காதில் விழுந்தது.

வளையல் போடுகிற நேரம் வந்தது. வலது கையை மாமியார் செல்லி பிடித்துக்கொண்டாள். இடது கையை அப்பாவுடன் பிறந்த அத்தை நிர்மலா பிடித்துக்கொண்டாள். ஏழு மாத வீக்கத்தில் கை கொஞ்சம் பருத்திருந்ததால், உடையாமல் ஏற்ற வேண்டும் என்று இருவரும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

அப்போது காவேரி வாசல் பக்கமிருந்து வந்தாள்.

"அண்ணி, நான் பேனருகிட்ட நின்னு எண்ணிட்டு வரேன். உங்களுக்கு மேல் வரிசையில மட்டும் பதினெட்டுப் பல்லு போட்டிருக்கறானுங்க."

கூட்டம் காவேரி பக்கம் திரும்பியது.

"மனுசிக்கு ஏதுங்க அத்தன? எங்கண்ணன் ஒகேனக்கல் போயி மொதலையக் கட்டிட்டு வந்திருக்கறான்."

"ஆமா, அந்த மொதலைக்குத்தான் மூணு வருசமாச் சோறு போட்டுட்டு இருக்கறேன்" என்றான் பின்னால் நின்ற மாதேஷ்.

"நீ எங்கடா போட்ட? ஆக்கிப் போடறது நானு" என்றாள் செல்லி, மருமகளின் கையை விடாமலே. "உனக்கும் சேத்துத்தான் போடறேன், மொதல புருசா."

பந்தல் அதிர்ந்தது. பானுமதி அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை. தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, அவள் சிரித்தாள். வலது கை வழக்கம்போல எழும்பப் பார்த்தது. செல்லி விடவில்லை. இடது கையும் வரவில்லை. மறைக்க வழியில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எழிலரசி எப்போது மடியிலிருந்து கேமராவை எடுத்தாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பந்தி நடக்கும்போது எழிலரசி பானுமதியை உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கேமராவைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"பேனர்ல இருக்கற பல்ல எண்ணிப் பாரு, ஆனா வளையல் போடற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு காவேரிகிட்ட நாந்தான் சொன்னேன். உன் கை ரெண்டும் மத்தவங்ககிட்ட இருக்கற நேரம் இந்த விசேசத்துல அது ஒண்ணுதான். உங்கிட்டச் சொல்லாம எடுத்தது தப்புதான். அதனால, வெக்கறதா அழிக்கறதான்னு நீயே பாத்துக்க. இந்தா, குப்பத்தொட்டி படம் போட்ட பட்டன். வேற யாருக்கும் நான் இன்னும் காட்டல."

சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தன் பிழைப்பே அடங்கிய பொருளை, நேற்று அறிமுகமானவளிடம் கொடுத்துவிட்டு அவள் போனதை நினைத்துப் பானுமதி கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு படத்தைப் பார்த்தாள். முதலில் பல்தான் தெரிந்தது. பழுப்பு, அதன் நடுவே வெள்ளைத் திட்டு, ஒன்றும் குறையாமல் அத்தனையும். விரல் அந்தப் பட்டன்மேல் போய் நின்றது. அழுத்துவதற்கு முன்னால், கட்டைவிரலால் திரையில் வாயை மட்டும் மறைத்துப் பார்த்தாள். மீதி முகம், வாக்காளர் அட்டையில் இருந்த அம்மா முகம்போல யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் நின்றது. விரலை எடுத்தாள். சிரிப்பு திரும்ப வந்தது. மறுபடி மறைத்தாள். மறுபடி எடுத்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்து, நேராக எழிலரசியிடம் போனாள்.

"பல்ல மட்டும் தொடாதீங்கக்கா. அப்படியே போட்டுக் குடுங்க."

"நான் யாரு பல்லையும் தொட்டதில்ல" என்றாள் எழிலரசி.

பானுமதியின் அப்பா சின்னராஜ் பந்தி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டோ என்றாலே எழுந்து போய்விடுகிற மனிதர். பானுமதி கேமராவை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். திரை தானாக அணைந்துபோனது.

"மறுபடி போடும்மா" என்றார். எழிலரசி போட்டாள்.

"சிரிக்கறப்ப உங்கம்மாளுக்கு எடது கண்ணு மட்டும் மூடிக்கும்" என்றார் மகளிடம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு அதச் சொல்ல வந்ததே இல்ல பாப்பா. இதப் பாத்தப்பறந்தான் நெனப்பு வருது. உனக்கும் மூடுது பாரு."

பானுமதி குனிந்து பார்த்தாள். இடது கண் மூடித்தான் இருந்தது.

திரை மறுபடி அணைந்தது. அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். சின்னராஜ் நிமிர்ந்து எழிலரசியைப் பார்த்தார். வண்டி எடுத்துக்கொண்டு கடத்தூர் வரைக்கும் போக வேண்டியவள், அவசரமே இல்லாதவள்போல அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் படத்தைப் போட்டாள்.