முபாரிஸ் வந்தால் ஏறும் பிரஷர்

ஹிஸ்புல்லாவின் பிரஷர் ஒரு கட்சியில் நிலைத்து நிற்பதில்லை. காலையில் அவரை நிமிர்த்தினால் விழுந்துவிடும். கண் இருட்டி, சொல்லவந்த குற்றச்சாட்டைக்கூட முடிக்காமல் சாய்வார். அதனால் மனைவி நஃபீஸா அவர் வயிற்றில் அகலப் பட்டி கட்டி, தலையணை மேல் தலையணை வைத்து மெல்ல உயர்த்துவாள். சில பின்னேரங்களில் அதே பிரஷர் தாறுமாறாக ஏறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். நெஞ்சுக்குக் கீழே உடம்பு தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் குளிர்ந்து கிடக்கும்.

கரைத்தீவில் இருந்துகொண்டு சொந்த லொறியில் பாலாவி உப்பு ஏற்றி ஓட்டியவர் அவர். மூட்டைகளின் மேல் நின்று தறப்பாளை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. விழுந்ததில் முள்ளந்தண்டு முறிந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் கிளீனர் முபாரிஸ். இப்போது அந்த லொறியை ஓட்டுபவனும் அவன்தான். சந்தேகப்பட இவ்வளவும் தேவையில்லை. ஹிஸ்புல்லாவுக்குப் பாதியே போதும். ஆனால் லொறிச் சாவியை வேறொருவனிடம் கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

"அவன் வார நாள்லதான் ஏறுது. கவனிச்சியா?" என்றார், முபாரிஸ் வந்துபோன ஒரு பின்னேரம்.

"மாலுபாண் கொண்டு வாரானே, அந்த மீன் பணிஸ்ல என்னமும் இரிக்குமோ?" என்றாள் நஃபீஸா.

"அத நீதானே திங்கிறாய். உனக்கு ஏறல்லையே."

"அப்ப கண்ணூறுதான்."

முபாரிஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கிவிடும். இதைவிடச் சாட்சி வேண்டுமா? இப்படி ஏறினால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து உயிரே போகலாம் என்று கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், பட்டியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். ஹிஸ்புல்லா அதைவிடச் சுருக்கமான வைத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்தார்: முபாரிஸை வரவிடாமல் செய்வது.

ஜும்மாவுக்குப் பிறகு முபாரிஸ் வழக்கம்போல் வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டுக் கதையைத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் ஹிஸ்புல்லாவின் முகம் சிவந்தது.

"சாவிய வெச்சிட்டுப் போ. இனி வராத."

"போறன் நானா," என்றான் முபாரிஸ், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல். "முதல்ல நிமிருங்க. முகம் செத்தல் மிளகாய் மாதிரி கிடக்குது."

"தொடாத."

"தொட்டாத்தானே நிமித்தலாம்." முபாரிஸ் அவரைத் தூக்கி உட்காரவைத்தான். பட்டியை அவிழ்த்தான். அடுத்துப் போர்வையில் கை வைத்தான்.

"அத எடுக்காத," என்றாள் நஃபீஸா.

எடுத்துவிட்டான். சிறுநீர்ப் பை ஹிஸ்புல்லாவின் தொடைக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. குழாய் மடிந்து, ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"என்ன மதினி இது?"

"வெளியாள் வந்தா அதத் தொங்கவிட்டு வெக்கிறதா? வெக்கமில்லையா?"

குடும்பத்தார் முன்னால் அவள் பையை மறைப்பதில்லை. மற்றவர்கள் வாசலிலேயே சுகம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே வந்து மணிக்கணக்காக உட்காரும் வெளியாள் முபாரிஸ் ஒருவன்தான். அவன் புறப்பட்டதும் பை பழைய இடத்துக்குப் போகும், பிரஷரும் இறங்கும்.

குழாயை நிமிர்த்திப் பையைத் தாழ்த்தியதும் சிறுநீர் ஓடியது. ஹிஸ்புல்லாவின் முகத்துச் சிவப்பு மெல்ல வடிந்தது.

"நான் வெளியாளா?" என்றான் முபாரிஸ், சாவியைக் கட்டிலில் வைத்து.

ஹிஸ்புல்லா அதை அவன் பக்கம் தள்ளினார். "எடு. நாளைக்கு லோட் இரிக்கி."

நஃபீஸா இப்போது பூப்போட்ட சீத்தைத் துணியில் பைக்கு ஓர் உறை தைத்திருக்கிறாள். அது எல்லோர் முன்னாலும் கட்டிலோரம் தொங்குகிறது. ஆனாலும் ஹிஸ்புல்லாவின் சந்தேகம் குறைந்துவிடவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டால், வருவது யார் என்று பார்க்கும் முன் நஃபீஸாவின் கைகளைப் பார்க்கிறார்.