செவ்வாய்க்கிழமை கேப்சூல்கள்

எங்கள் முதல் இரண்டு குழந்தைகளும் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அன்றைக்கே போய்விட்டன. மூன்றாவது முறை, அறுபதுகளின் நடுவில், மனைவியைத் திண்டுக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரில் கிருமி இருக்கிறது, முன்கூட்டியே வலி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். பதினான்கு நாள் ஆன்டிபயாட்டிக் கேப்சூல், ஒரு நாளைக்கு நான்கு, நிறையத் தண்ணீர்.

காலையில் நான்கையும் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். இரவுச் சாப்பாட்டின்போது கிண்ணம் காலியாக இருக்கும். டைரியில் நான்கு குறி போடுவேன். மொத்தம் ஐம்பத்தாறு குறிகள்.

மருந்து முடிந்து ஒரு வாரத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல். தைலம் தேடி மாடத்தில் கைவிட்டபோது, புனிதர் சுரூபத்துக்குப் பின்னால் ஒரு துணி முடிச்சு இருந்தது. உள்ளே ஆறு கேப்சூல்கள்.

"என்ன இது?"

"ரெண்டு செவ்வாக்கெழமையோடது. புள்ள தங்கணும்னு செவ்வாதோறும் ஒருசந்தி இருக்கேன். பொழுது சாயுற மட்டும் பச்சத்தண்ணி படக் கூடாது. மாத்திரைய எப்படி முழுங்குறது? பொழுது சாஞ்சு ஒண்ணுதான் முழுங்குனேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பீகளாக்கும்!"

விட்டிருக்க மாட்டேன்தான். நான் குறித்து வைத்ததெல்லாம் கிண்ணத்தைத்தான்.

டாக்டர் திட்டித் தீர்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பதினான்கு நாள் என்றார். வெளியே வந்ததும், "பிரசவம் ஆகுற மட்டும் ஒருசந்தி இருக்கேன்னு நேந்துக்கிட்டேனே" என்று அழுதாள்.

"உனக்குப் பதிலா நான் இருக்கேன்."

"நீங்களா? பத்து மணிக் காப்பி பிந்துனா கை நடுங்குற ஆளு!"

இருந்தேன். சாக்பீஸ் பொடியில் ஐந்து வகுப்பு, பிறகு வெயிலில் வீடு இருந்த அகரத்துக்குச் சைக்கிள் மிதி. செவ்வாய்க்கிழமைகளில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கேப்சூலை இப்போது ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தேன். பகலில் பக்கத்து வீட்டம்மாள் கொடுத்தார். என் முன்னால் முழுங்கி, செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள்.

"போதுமா வாத்தியாரே? குறியப் போடுங்க."

காய்ச்சல் திரும்பவில்லை. ஏழாம் மாதம் கழிந்தது. எட்டாம் மாதமும் கழிந்தது. ஒருசந்தியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அலுப்புதான் வந்தது.

நாள் நிறைந்து, ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை என்றார் நர்ஸ். பெஞ்சிலிருந்து எழுந்தேன். உள்ளே போனதும் மனைவி என் உதட்டைப் பார்த்தாள்.

"இன்னும் குடிக்கலியா?"

"பொழுது சாயலையே."

"அதான் பொறந்திருச்சுல்ல. நேத்திக்கடன் முடிஞ்சுது, குடிங்க."

கட்டிலருகே இருந்த கூஜாவை எடுத்து அண்ணாந்தேன். பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"மெதுவா குடிங்க" என்றாள். "புள்ள முழிச்சுக்கும்."