அக்கா கோழிகளுக்குப் போட்ட ஷிப்ட்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், ஜோகுபாளையத்து அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம். அக்காவின் பொறுமை, பக்தி, குடும்பத்துக்காக அவர் பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் எங்கள் மாமா முன்பக்கங்களில் குறையில்லாமல் எழுதிவிட்டார். தங்கை என்று எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் நான் கோழிகளைப் பற்றி எழுதப் போகிறேன்.

"நினைவு மலர்ல கோழியா? படிக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எழுதட்டும்ணா," என்றார் அம்மா. "அழுதுகினே எழுதறதுக்கு இது மேலு."

சுதந்திரம் வந்த வருஷம் அக்காவுக்கு ஒன்பது வயது. பிறந்தது, படித்தது எல்லாம் ஜோகுபாளையத்தில்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமானார். அம்மா நாலு வீட்டில் வேலை செய்தும், பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்த்தும் எங்கள் இருவரையும் காப்பாற்றினார். பத்தொன்பதாவது வயதில் அக்கா ஒரு தொழிற்சாலையில் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றும் பிரிவில் சேர்ந்தார். முதல் ஒரு மாதம் தினமும் கண் சிவந்து வீடு திரும்பினார். கேட்டால், "தூசி," என்பார்.

அதே வருஷம் எனக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்கிற குழந்தைக் காசநோய் வந்தது. பள்ளிக்கூடம் நின்றது. டிஸ்பென்சரி டாக்டர் என் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, ஊசியோடு தினம் ஒரு முட்டையும் கொடுக்கச் சொன்னார். அம்மாவிடம் ஐந்து சிவப்புக் கோழிகள் இருந்தன. ஐந்தும் வயதானவை. வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தால் அதிகம். ஆனால் அவற்றை விற்கவும் மாட்டார், அடிக்கவும் விடமாட்டார். "கஷ்ட காலத்துல சோறு போட்ட ஜீவனுங்க," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அரசாங்கக் கோழிப் பண்ணைக்குப் போய், ஆறு வெள்ளை லெகார்ன் ஜாதிப் பெட்டைகளோடு மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எல்லாம் இளசு, இன்னும் ஒரு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடுமாம். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் கூடையை நேராக முற்றத்தின் நடுவில் கவிழ்த்துவிட்டார்.

அடடா, அந்த ரகளை! ஐந்து கிழடுகளுக்கும் எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ. அவற்றில் பெரியதற்கு அக்கா மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார். அது இறக்கையை விரித்துப் பாய்ந்து ஒரு வெள்ளையின் கொண்டையைக் கிழித்துவிட்டது. இன்னொரு வெள்ளை சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கௌரம்மாவின் அடுப்படியில் போய் இறங்கியது. மற்றவை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக்கொண்டன. மூன்று நாள் ஒரு மணி தானியம்கூட எடுக்கவில்லை.

கௌரம்மா கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஓடிவந்த கோழியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, "பேடம்மா, இது ஆகல்ல. கொட்டு பிடு," என்றார். வேண்டாம், இது சரிப்படாது, திருப்பிக் கொடுத்துவிடு என்று அர்த்தம்.

"என் கோழிங்க மேல தப்பு இல்ல," என்றார் அம்மா. "அதுங்க வூடு அது. பத்து நாள் பாக்கறேன். அப்பவும் இதே கூத்துன்னா வந்த வழியே அனுப்பிடு."

"அனுப்பிட்டா இவளுக்கு முட்டைக்கு எங்கம்மா போறது?" என்றார் அக்கா. நான் பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. அக்கா சட்டென்று எழுந்தார். "ஷிப்ட்!" என்று கத்தினார். "கோழிக்கும் ஷிப்ட் போட்டா இன்னா?"

மறுநாளே வேலை ஆரம்பம். முற்றத்து மூலையைக் கம்பி வலை வைத்து அடைத்தார். காலையில் சிவப்புகள் முற்றத்தில் மேயும், வெள்ளைகள் வலைக்குள் இருக்கும். இரண்டு மணிச் சங்கு ஊதியதும் வெள்ளைகள் வெளியே, சிவப்புகள் உள்ளே. ஒன்று கிளறிய மண்ணை மற்றது கிளற வேண்டும், வலை வழியாக ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போக வேண்டும். இதுதான் அக்காவின் திட்டம்.

"என் கோழிங்களுக்கு ஜெயிலா? அதுங்க இன்னா பேக்டரிக்கா போவுதுங்க?" என்று அம்மா பொருமினார். ஆனாலும் சங்கு ஊதினால் முந்தானையைச் செருகிக்கொண்டு கோழி விரட்ட முதலில் வருவது அவர்தான். ஊருக்கெல்லாம் ஊதுகிற சங்கு பத்தாதென்று நான் வேறு தட்டைக் கரண்டியால் அடிப்பேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு உத்தியோகம்!

நாலாம் நாள் வெள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தன. ஆறாம் நாள் அக்கா அடுத்த படிக்குப் போனார். "ஷிப்ட் மாறும்போது கேட்டுல ரெண்டு ஷிப்ட்டும் கால் மணி நேரம் ஒண்ணா நிப்போம். அப்ப யாரும் யாரையும் முறைக்க மாட்டாங்க. போறவங்களுக்கு வூட்டு நெனைப்பு, வர்றவங்களுக்கு வேலை நெனைப்பு," என்றார். அதனால் தினம் கால் மணி நேரம் இரண்டு கூட்டமும் ஒன்றாக. அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். துணி காயப்போடும் கொடியில் ஒரு கீரைக்கட்டை, எம்பினால்தான் எட்டும் உயரத்தில் கட்டிவிட்டார். மேஸ்திரியும் அதன் கூட்டமும் கீரைக்காக எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருக்க, எதிர் மூலையில் இறைத்த ராகியை வெள்ளைகள் பயமில்லாமல் பொறுக்கின.

பத்தாம் நாள் வலையை எடுத்தாயிற்று. கீரையும் கிடையாது. கௌரம்மா சுவர் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி நிமிர்ந்து நடந்தது, கொண்டை கிழிந்த அதே வெள்ளையிடம் போய் நின்றது. நான் கரண்டியைத் தட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கழுத்தை நீட்டியது. தலையில் ஒரே ஒரு கொத்து. வெள்ளை தலையைத் தாழ்த்தி ஒதுங்கியது. மேஸ்திரி திரும்பிப் போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

"அவ்ளோதானா?" என்றார் அம்மா.

"அவ்ளோதாம்மா!" என்று அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் தட்டு நசுங்குகிற வரை அடித்தேன்.

அடுத்த மாதம் முதல் முட்டை. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், அத்தனை வெள்ளை. அக்கா அதை அவித்து, உரித்து, உப்பு தொட்டு எனக்கு ஊட்டிவிட்டார். அடுத்த வருஷம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டார். என் அக்கா எனக்கு உயிர் கொடுத்தவர். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு அக்காவிடம் ஒரு பழக்கம் வந்தது. எப்போதாவது சில திங்கட்கிழமைகளில் பத்துப் பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சித்ரான்னம் கலந்து, பெரிய டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு போவார். எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து எனக்குக் கை எரியும். "யாருக்கு இம்மாம் சோறு? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டியா?" என்று கிண்டல் செய்வோம். சிரிப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

போன வருஷம் மஞ்சள் காமாலை அவரை மூன்றே வாரத்தில் கொண்டுபோனது. முப்பது வயதுகூட ஆகவில்லை. கடைசி நாட்களிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கோழிகளை விசாரித்தார்.

காரியத்தன்று எங்களுக்குத் தெரியாத இளம்பெண்கள் பலர் வந்தார்கள். எல்லோரும் அக்காவின் பிரிவில் வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சேந்த அன்னிக்குப் பழைய ஆளுங்க யாரும் மூஞ்சி குடுக்கலம்மா. சாப்பாட்டு டைம்ல அக்கா ஒரு பெரிய கேரியரைத் தொறந்து, அவங்க எல்லாரையும் சித்ரான்னம் துன்ன அந்தக் கோடி மேசைக்குக் கூப்ட்டுக்கினு பூட்டாங்க. என்னைப் பாத்து, நீ நிம்மதியா சாப்பிடுன்னு கண்ணைக் காட்டினாங்க. புதுசா யாரு சேந்தாலும் அப்படித்தான்."

"கீரைக்கட்டுடீ!" என்று அம்மா என் தோளை அடித்தார். "நம்ம கீரைக்கட்டு!" அழுகைக்கு நடுவில் அம்மா சிரித்துவிட்டார். அக்காவின் கண்ணைச் சிவக்கவைத்த அந்த முதல் மாதத்துத் தூசியும் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

விடியுமுன் கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்த கௌரம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த மாமாவுக்கும், அக்காவைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். காயில் பிரிவுப் பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

வருகிற திங்கட்கிழமை நான் அதே பிரிவில் வேலைக்குச் சேருகிறேன். சேதி தெரிந்ததும் அம்மா எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினார். அந்தப் பெண்கள் விடவில்லை. "நீங்க ஒண்ணும் செய்யாதீங்கம்மா. கேரியர் நாங்க கொண்டாறோம். அவ வந்து நிம்மதியா சாப்ட்டா போதும்," என்று சொல்லிவிட்டார்கள்.

நன்றாகச் சாப்பிடுவேன், அக்கா.