தூணுக்கு அந்தப் பக்கம்

எங்கள் பகுதி டவுன் ஹாலைப் பார்த்து யாராவது "வெள்ளைக்காரன் கட்டடம், என்னா கம்பீரம்!" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். முகப்பில் பெரிய முக்கோணம், அதைத் தாங்க உருண்டைத் தூண்கள், ஏறுவதற்குள் மூச்சு வாங்கவைக்கும் படிகள். கம்பீரம்தான், யார் இல்லை என்றது? எனக்கும் என் அக்காவுக்கும் அது இடது ஓரத் தூண், அவ்வளவுதான். அக்கா இப்போது இல்லை.

அம்மா அங்கே தையல் வகுப்புக்குப் போன காலத்தில் நாங்கள் இருவரும் வெளித் தாழ்வாரத்தில் கிடப்போம். சித்திரை வெயிலிலும் அந்தத் தூணின் சுண்ணாம்புப் பூச்சு சில்லென்று இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கட்டிப்பிடிப்போம். விரல்கள் எட்டாது. தூரத்தில் நேராகத் தெரிந்தாலும் தூண் கீழே பருத்து, மேலே போகப் போக மெலியும். "தொப்ப வச்சிக்கினு கீதுடி இது. வளந்தா மேல புடிச்சிக்கலாம்," என்பாள் அக்கா. நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள், தோள் உயரத்தில், இரண்டு பக்கமும் விரல்கள் கொக்கி போட்டுக்கொண்டன. கட்டடத்தையே வாங்கிவிட்டதுபோலக் கத்தினோம்.

போன வருஷம் அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு வலது கை தோள்வரை எழவில்லை. சுவரில் விரல்களை எறும்புபோல ஏற்றிப் பழகச் சொன்னார்கள். அம்பத்தூர் வீட்டில் தினமும் ஏற்றினாள். வலியில் கண்ணீர் வழியும். மருந்து ஏற ஏற விரல் நுனிகள் வேறு மரத்துப்போய், டம்ளரைக்கூட நழுவவிட்டாள். "போதும்கா, உடு," என்றால் முறைப்பாள்.

"தூண புடிக்கணும்டி. சும்மா கீறியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு மதியம், ஆட்டோவை டவுன் ஹாலில் நிறுத்தச் சொன்னாள். உட்கார்ந்து உட்கார்ந்து படி ஏறினாள். இத்தனை உயரத்தில் கட்டியவனை மனதாரத் திட்டினேன். வாட்ச்மேன் ஓடிவந்து, "இன்னாம்மா பண்றீங்க?" என்றார்.

"தூணு வுழாம புடிக்கிறோம், போ நைனா," என்றாள் அக்கா.

ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். தூண் அவளை மறைத்துக்கொண்டது. மூச்சு இரைப்பது மட்டும் கேட்டது. என் இடது பக்கம் அவள் விரல்கள் ஊர்ந்து ஊர்ந்து தோள் உயரத்துக்கு வந்தேவிட்டன. எட்டிக் கொக்கி போட்டு இறுக்கிக்கொண்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கடி கீற? இன்னும் வரலியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"புடிச்சிக்கினுதான்கா கீறேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."



"செரி. நான் சொல்ற வரிக்கும் உடாத."

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அப்போதும் அவள் சொல்லவில்லை.