பெரட்டுப் பேர்

பதுளை மண்டபத்தில் இந்த வாரம் முழுக்கப் பேச்சும் பாட்டும் பயாஸ்கோப்பும் இலவசம். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டத் தொடங்கியதும் சூடேறிய தகர வாசனை வந்தது.

சிறுவயதிலும் இதே வாசனைதான். இலவசம் என்று எங்கள் லயத்து வீடுகள் எல்லாமே படம் பார்க்கத் திரண்டு வந்திருந்தன. திரையில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுத்தார்கள். நடுவில், மழைக்காலத்துக் காய்ச்சலில் செத்துப்போன சின்னம்மா குனிந்து நின்றாள். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுகிற பழக்கத்தில் கங்காணி, "செல்லாயி!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

சின்னம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பெரட்டில் அவள் தினமும் சொல்லும் "வந்துட்டேங்க"தான் அது.

மறுநாளும் அதே படம். அம்மா ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருந்தாள்: "யாரும் பேரச் சொல்லிறாதீங்க. கூப்பிட்டா வந்துருவா."

யாரும் கூப்பிடவில்லை. சின்னம்மா கடைசிவரை நிமிரவேயில்லை.

இன்றும் திரையில் எங்கள் மலைதான். கூடையோடு நடந்துபோகிற கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி, முதுகைக் காட்டியபடி. அந்த நடை அம்மாவுடையது. போன தையில்தான் அவளைப் புதைத்தோம்.

பக்கத்திலிருந்த கணவர் என் கையைப் பிடித்தார். "யாரப் புள்ள கூப்பிட்ட?"

திரையில் அம்மா திரும்பிக்கொண்டிருந்தாள்.