ஸ்பெயினில் கொடுத்த தோள்

ஐம்பது வயதில், ஸ்பெயினுக்கு மாதா ஊர்வலம் பார்க்கப் போய், தொப்பையோடு பல்லக்குக்கு அடியில் நுழைந்து, வீடியோவுக்குப் பல்லைக் காட்டிய முட்டாள் நான். அதே வாரம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. வருஷா வருஷம் நான் தூக்கும் பல்லக்குக்கு ஆள் குறைந்ததால், அம்மனை லோரியில் ஏற்றிவிட்டார்கள். படியேறிப் போகும் மேல் லயத்து வீடுகளுக்கு லோரி போகாது. அங்கே, நடக்க முடியாத என் அண்ணன் கற்பூரத் தட்டோடு சாயங்காலம் வரை வாசலில் காத்திருந்தாராம்.

அது தெரியாமல், திரும்பி வந்ததும் அவரிடமே வீடியோவைக் காட்டினேன்.

"எப்படிண்ணே நம்ம தோளு? வெள்ளக்காரனே அசந்துட்டான் லா."

அண்ணன் முழுவதும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாதான்டா தூக்குற. என் வாசலுக்குத்தான் அம்மன் வரல."