ஆயில் ஃபில்டர் மாட்டினேன், ஒழுகுதுன்னாங்க

பைக் மெக்கானிக் வேலையில் எஞ்சினைப் பிரித்து மாட்டுவதுகூடப் பெரிய விஷயமில்லை. ஆயில் ஃபில்டர் மாற்றி அனுப்பிய வண்டி மறுநாள் காலை கடைக்குத் திரும்பி வராமல் இருப்பதுதான் பெரிய விஷயம்.

செவிலிமேட்டில் நானும் டேவிட்டும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு வாசலிலும் வண்டி நிற்கிற இடத்தில் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். அதன்மேல் மண்ணைத் தள்ளி மறைத்திருப்பீர்கள், இல்லை பக்கத்து வீட்டுக்காரர் வண்டிமேல் பழியைப் போட்டிருப்பீர்கள். அதனால் உங்களை நம்பி இதையெல்லாம் சொல்லலாம்.

வீடியோ பார்த்த தினேஷ்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற தினேஷ், லீவு நாளில் வீட்டிலேயே வீடியோ பார்த்து ஃபில்டரை மாற்றிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வலது கால் ஷூ முழுக்க ஆயில். "புது ஃபில்டர், புது ஓ-ரிங். எல்லாம் கரெக்டாதான்ணா போட்டேன். ஸ்டார்ட் பண்ணா பீச்சி அடிக்குது" என்றான்.

ஃபில்டர் மூடியைக் கழற்றினேன். அதன் பள்ளத்தில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு இருந்தன. பழசு பள்ளத்திலேயே ஒட்டிக் கிடக்க, அதன் தலைமேல் புதுசை உட்கார வைத்திருக்கிறான். பழசை நெம்பி எடுத்தேன், பள்ளத்தைத் துடைத்தேன், புதுசுக்கு விரலால் கொஞ்சம் ஆயில் தடவி வைத்து மூடினேன். சொட்டு நின்றது. "பழசை எடுக்கணும்னு வீடியோல சொல்லலியா?" என்று கேட்டேன். தினேஷ் ஃபோனை எடுத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தான்.

"அந்த எடத்துல விளம்பரம் மாதிரி இருந்துச்சுண்ணா, தள்ளி வுட்டுட்டேன்."

பாவு போட்ட தெரு

நெசவுக்காரர் ஏகாம்பரத்தின் வண்டி எஞ்சினுக்கு அடியில் ஒரு கொட்டாங்குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுகிற ஆயிலைப் பிடிக்க அவரே கயிறு போட்டுக் கட்டியது. அவர்கள் தெருவில் காலையில் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலை, நீளமாக இழுத்துக் கட்டி இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அதில் ஒரு சொட்டு ஆயில் பட்டால் ஒரு புடவையே போச்சு. அவர் மனைவி கஸ்தூரியம்மா வண்டியைத் தெருவுக்குள்ளேயே விடுவதில்லை. கொட்டாங்குச்சியைக் காட்டி அனுமதி வாங்கலாம் என்று கிளம்பியவர் வேகத்தடையில் ஏறி இறங்க, நிரம்பியிருந்தது அத்தனையும் அவர் வேட்டியிலேயே கொட்டிவிட்டது.

யாரோ ஃபில்டர் மூடியில் ஒரு போல்ட்டை மட்டும் முழுசாக முடுக்கிவிட்டு மற்றதற்குப் போயிருக்கிறார்கள். மூடி ஒரு பக்கம் சாய்ந்து, ரிங் நசுங்கிவிட்டது. புது ரிங் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனாலும் ஏகாம்பரம் கிளம்பவில்லை. "நீயே வந்து சொல்லுபா. நான் சொன்னா வூட்ல எடுபடாது" என்றார்.

போனேன். தெருமுனையிலேயே கஸ்தூரியம்மா வெள்ளைத் துணியோடு நின்றார். குனிந்து எஞ்சினின் அடிவயிற்றைத் துடைத்தார், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கறை இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெருமையாக ஒரு எட்டு உள்ளே வைத்தேன். அவர் என் கையையும் பேன்ட்டையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி வரலாம். மெக்கானிக் அங்கியே நில்லுபா."

ஸ்பிரிங் எங்கே?

திருப்புட்குழியில் நடக்கிற கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு மாப்பிள்ளை வீட்டு மாமா, "சட்டுனு ஃபில்டர் மாத்திக் குடுபா" என்று இறங்கினார். பழைய ஃபில்டரை எடுத்தாயிற்று. பின்னாலிருந்து அதைத் தாங்கிப் பிடிக்கிற குட்டி ஸ்பிரிங்கைக் காணோம். டேவிட் தரையில் படுத்துத் தேடினான். நான் பழைய ஆயில் வாளிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மாமா ஃபோனில் "வந்துக்கினே இருக்கேன், தாலி கட்டிடாதீங்க" என்று கத்தியபடியே எங்களோடு குனிந்து தேடினார்.

கடைசியில் டேவிட்தான் பார்த்தான். ஃபோன் இல்லாத கையில், இரண்டு விரலுக்கு நடுவே, மாமா எதையோ அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். டேவிட் கையை நீட்டினான்.

"நானும்தானேபா தேடிக்கினு இருக்கேன், என்னா தேடறீங்கன்னு சொல்லியிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே!"

டீச்சர் வண்டி

ஐயம்பேட்டை செல்வி டீச்சர் பைக்கில்தான் பள்ளிக்கூடம் போவார். ஃபில்டர் மாற்றிய மறுநாளே வந்து, "வாசல்ல ஆயில் சொட்டியிருக்குது" என்றார். திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் ரிங்கை மாற்றினேன். மறுபடியும் வந்தார். அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும் மாற்றினேன். அதற்கடுத்த முறை அவர் வரவில்லை. அவர் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் 'செவிலிமேடு ஒர்க்‌ஷாப் பக்கம் போகாதீங்க' என்று போட்டுவிட்டார். அந்தத் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. டேவிட்டும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். செய்யாத தப்புக்குக் கெட்ட பேர் வாங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் விடிந்ததும் நேரே அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் டீச்சரின் மாமனார், பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர், வண்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து செயினில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். அது அழுக்கோடு கலந்து, செயின் கவர் வழியாக எஞ்சினுக்கு அடியில் கருப்பாகச் சொட்டியது. தொட்டு மோந்து பார்த்தேன். சுத்தமான நல்லெண்ணெய்.

"பஸ் ஓட்டினவன்பா நானு. வண்டிக்கு எண்ணெய் காட்டாம எனக்குக் காபி எறங்காது" என்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த டீச்சர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபோனை எடுத்தார். நான் கடைக்குத் திரும்புவதற்குள் அவர் போட்ட மெசேஜை யாரோ டேவிட்டுக்கு அனுப்பிவிட, சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியிருந்தது. அதே குரூப்பில் டீச்சர் போட்டிருந்தது இது:

"மெக்கானிக் மேல தப்பில்ல. லீக் எங்க மாமனார்."

ஆக, ஃபில்டரைச் சரியாக மாட்டக் கொஞ்ச நேரம் போதும், மாட்டியது சரிதான் என்று நம்பவைக்கத்தான் ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது.